ஒன்பது வியாழனில் புகையிலையை விட்டது எப்படி

புகையிலையை விட்டவனுக்கு முதலில் திரும்பி வருவது மூக்கு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தலைவலி வரும், தூக்கம் போகும், கோபம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதெல்லாம் சொன்னபடி நேரத்துக்கு வந்தன. ஆனால் ஆறு வருஷமாகச் செத்துக்கிடந்த மூக்கு நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, கம்பெனி பஸ்ஸில் மூன்று சீட் தள்ளி ஒருவர் சுண்ணாம்பு டப்பியைத் திறக்கிறார் என்று செய்தி சொல்லும் என எவரும் எச்சரிக்கவில்லை.

ரங்கநாதன் சார், பாதுகாப்பு வார மலருக்கு ஒரு பக்கம் கேட்டீர்கள். "எரிக், பொகையில எப்படி விட்டேன்னு எழுது. எதையும் மறைக்காத. யங்ஸ்டர்ஸ் படிச்சு இன்ஸ்பைர் ஆகணும்" என்றீர்கள். ஒரு பக்கத்தில் முடியாது சார். மறைக்கவும் வேண்டாம் என்று பாதுகாப்பு அதிகாரியே சொன்ன பிறகு நான் எதற்கு மறைக்க வேண்டும்?

மலர் படிக்கிறவர்களுக்காக: நான் எரிக். வயது இருபத்தைந்து. வீடு விவேக் நகரில். பொம்மசந்திராவில் நம் தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை அச்சில் வைத்தால் மேலிருந்து ஐம்பது டன் இறங்கி அதை ஸ்கூட்டர் பாகமாக வெட்டிக் கொடுக்கும். ஐ.டி.ஐ. படிக்கும்போது புகையிலை பழகினேன். உள்ளங்கையில் கொஞ்சம் இலைத்தூள், நகக்கண் அளவு சுண்ணாம்பு, கட்டைவிரலால் தேய்த்து, இரண்டு தட்டுத் தட்டி, கீழுதட்டுக்குள் அடக்கிக்கொள்வது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. அதற்கு மேல் போனால் கெட்ட பழக்கம் என்று எனக்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது.

விடச் சொன்னவர் பியாட்ரிஸ் ஆண்ட்டி. நான் கட்டிக்கொள்ள நினைத்த லவினாவின் அம்மா. பிரேசர் டவுனில் வீடு. முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் கணவர் ஞானசேகரன் அங்கிளுக்குப் புகையிலையால் வாயில் புற்று வந்து, இடது கன்னத்தை எடுத்து, அப்புறம் ஆளையே எடுத்துக்கொண்டது. ஆகையால் ஆண்ட்டி பெண் கேட்டுப் போன என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, குடும்பம் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தார்.

"எத்தன வருஷமா?"

"எப்பவாவதுதான் ஆண்ட்டி."

"எப்பவாவது போடறவனுக்குப் பல்லு இந்தக் கலர்ல இருக்காதுப்பா. நான் உன் வாயப் பாத்து வயசே சொல்லுவேன்."

நிபந்தனை எளிமையானது. விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் ஒன்பது வியாழக்கிழமை தொடர்ந்து நவநாள் ஜெபத்துக்கு வர வேண்டும். இந்தக் கோயிலுக்கு எல்லா மதத்துக்காரர்களும் ஏதாவது வேண்டிக்கொண்டு ஒன்பது வியாழன் வருவதுதான். எனக்கு அதோடு ஒரு கூடுதல் விதி. ஒன்பதும் முடியும்வரை புகையிலையைத் தொடக்கூடாது. ஒரு தடவை தொட்டாலும் கணக்கு முதல் வியாழனுக்குத் திரும்பிவிடும். ஒன்பதாவது வியாழன் முடிந்தால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கலாம். 2003 டிசம்பர் பதினெட்டு முதல் வியாழன். 2004 பிப்ரவரி பன்னிரண்டு கடைசி வியாழன். மொத்தம் ஐம்பத்தேழு நாள். நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வியாழக்கிழமையிலேயே வந்து விழுந்தன. பண்டிகை கொண்டாட ஏற்ற மனநிலையில் நான் இருந்தேன் என்று சொல்ல முடியாது.

முதல் வாரம் பற்றி இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். மண்டைக்குள் யாரோ மேசையை இழுத்து இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். வாய்க்கு வேலை இல்லாமல் போனதும் அது தானாக வேலை தேடிக்கொள்ளும். நான் கிராம்பு, சோம்பு, வறுத்த கடலை, தீக்குச்சி, இரண்டு பென்சில், ஒரு ரப்பர் வாஷர் ஆகியவற்றை மென்றேன். வாஷர்தான் சுமாராக இருந்தது. வயிறு ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தது. பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்றபோது நான் பேசிய பேச்சுக்கு அவர் என்னை அடித்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சில்லறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் அன்று லவினா வீட்டில் கேக்கை மெல்லியதாக வெட்டினார்கள் என்ற காரணத்துக்காகப் பத்து நிமிஷம் பாத்ரூமில் போய் அழுதேன். அன்றைக்கு அது நியாயமான காரணமாகத்தான் இருந்தது.

வியாழன்தோறும் பரிசோதனை. ஜெபம் முடிந்து வெளியே வந்ததும், படிக்கட்டில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், ஆண்ட்டி கைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுப்பார்.

"வாயத் தொற. இன்னும். நாக்க மேல தூக்கு. உதட்ட இழு. என்ன கூச்சம், நான் பாக்காத வாயா?"

ஒரு வியாழன், பின்னால் மெழுகுவர்த்தியோடு நின்ற பெரியவர் ஒருவர் இலவச முகாம் என்று நினைத்துத் தன் வாயையும் திறந்துகொண்டு வரிசையில் நின்றார். ஆண்ட்டி அவரையும் விடவில்லை. "கடைசிப் பல்லு சொத்தை. சீக்கிரம் புடுங்கிடுங்க" என்று அனுப்பிவைத்தார். லவினா தூண் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இருபத்தைந்து வயதில் ஒரு மனிதன் அடையக்கூடிய உயரங்களில் இதுவும் ஒன்று.

இனி முனிராஜ் அண்ணனைப் பற்றி. அவரைச் சொல்லாமல் நான் புகையிலை விட்ட கதை இல்லை.

என் மிஷினுக்கு அடுத்த மிஷின் அவருடையது. இரண்டும் ஒரே மாடல், ஒரே வயது. அண்ணன் அத்திப்பள்ளிக்காரர். தமிழ் பேச ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். யாராக இருந்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி காந்தா பூ விற்கிறவர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பொம்மசந்திரா வருவதற்குள் அண்ணன் மடியில் இரண்டு முழம் கட்டி முடித்திருப்பார். இடக்கைப் பழக்கம். இடதுகை விரல் நூலைச் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் புகையிலை தேய்ப்பதில் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் கேட்பார்.

"ஏன் குரு, இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"பதினாலு."

"அய்யோ தேவரே. நான் பதினாலு நிமிஷம் சும்மா இருந்தா காந்தா அவங்கம்மா வூட்டுக்கு ஓடிருவா. நீ ஆம்பளடா."

நல்லவர். அதுதான் என் பிரச்சினை. நான் விட்ட இரண்டாம் நாளிலிருந்து என் எதிரில் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு தேய்ப்பார். சத்தம் கேட்கும். மெல்லிய, காய்ந்த சத்தம், அப்புறம் இரண்டு தட்டு. முதுகைத் திருப்பிவிட்டால் காதும் மூடிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. சுண்ணாம்பு நெடி நேராக வந்து என் மூக்கில் உட்காரும். டப்பியை மிஷினின் அந்தப் பக்கப் பெட்டிக்கு மாற்றினார். எனக்காக ஊரிலிருந்து வறுத்த கடலை கொண்டுவந்தார். இவ்வளவு நல்லது செய்கிற ஒருவரை எட்டு மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கழுத்தை நெரிக்காமல் இருப்பதற்குத் தனிச் சான்றிதழே கொடுக்கலாம். நீங்கள் கொடுத்தது வேறு சான்றிதழ். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏழாவது வியாழன் தாண்டிய சனிக்கிழமை. நாற்பத்தைந்தாம் நாள். அண்ணன் ஸ்டோருக்குப் போயிருந்தார். டப்பி என்னைக் கூப்பிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். அது கூப்பிடவில்லை. நானாகப் போய், அவர் பெட்டியைத் திறந்து, மூன்று துணிகளுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தேன். கை எதையும் மறந்திருக்கவில்லை. உதட்டுக்குள் வைத்ததும் மண்டையில் மேசை இழுக்கிற ஆள் இழுப்பதை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். நாற்பத்தைந்து நாளில் முதல் தடவையாக உலகம் நேராக நின்றது.

திரும்பினால் அண்ணன்.

"அடப்பாவி! துப்பு. துப்புடா. நாப்பத்தஞ்சு நாளுப்பா!"

குழந்தை வாயில் மண்ணை எடுப்பதுபோல என் தாடைக்குக் கீழே கையை நீட்டினார். துப்பினேன். வேலை முடிந்துதான் இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார்.

"சரி வுடு. ஒருவாட்டிதானே. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். வாயக் கழுவிட்டு வா. மொகத்தப் பாரு, திருடன் மாதிரி."

அன்றிலிருந்து மறுபடி தொடவில்லை. ஐந்து நாள் கழித்து, எட்டாவது வியாழன், கிராம்பு மென்றுவிட்டு டார்ச் முன் நின்றேன். ஆண்ட்டி திருப்தியாகத் தலையாட்டினார். டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

"நான் உன்னப் பாக்கறது வியாழக்கெழம அஞ்சு நிமிஷம். மத்த நேரமெல்லாம் யார் பாக்கறாங்க? உன் பக்கத்து மிஷின்ல யாரு?"

"முனிராஜ்னு ஒரு அண்ணன், ஆண்ட்டி."

"அடுத்த வாரம் அவரக் கூட்டிட்டு வா. இங்க நின்னு, இந்தப் புள்ள ஒன்பது வாரமும் தொடலன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். காந்தாவும் அந்தக் கோயிலுக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம், சேர்ந்தே வருகிறோம் என்றார். நான் அந்தச் சனிக்கிழமையை நினைவுபடுத்தினேன்.

"அதான் நானும் யோசிக்கறேன் குரு. நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். ஆனா அவங்க கேட்டா? கோயில்ல நின்னு பொய் சொல்ல எனக்கு வராதுப்பா. இப்படிச் சொல்றேன். அம்மா, இந்தப் பையன் இத்தன நாள்ல ஒரே ஒருவாட்டி போட்டான், நான் துப்புன்னதும் துப்பிட்டான், தங்கமான பையன்னு. அது நல்லாத்தானே இருக்குது?"

"கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும்ணா."

"ஆரம்பிச்சா ஆரம்பிக்கட்டும். இன்னும் ஒம்பது வாரம். நீ ஆம்பளடா, ஓட்டிருவே."

இதை அவர் கடலையை என் கையில் கொட்டிக்கொண்டே சொன்னார்.

சார், உங்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதனால் சொல்கிறேன். ஒருவன் அந்த முதல் வாரத்தை ஒரு தடவை தாண்டலாம், அது என்னவென்று தெரியாததால். தெரிந்தபின் இரண்டாம் தடவை அதற்குள் இறங்கச் சொல்வது மனிதத்தன்மை இல்லாத காரியம். மேசை இழுக்கிற ஆள், பென்சில், பாத்ரூம் அழுகை எல்லாம் மறுபடி டிசம்பர் பதினெட்டிலிருந்து. நான் ஐந்து நாள் யோசித்தேன். அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லலாம். ஆண்ட்டி வேறு எதையும் ஏற்க மாட்டார். லவினாவிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் கணக்கு திரும்பும். எந்தப் பக்கம் போனாலும் முதல் வியாழன் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அந்த ஒரு நாள் மட்டும் வர முடியாமல் போவதுதான் எல்லோருக்கும் வசதி.

மிஷினைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பிரஸ்ஸில் இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று என்று இரண்டு பட்டன். இரண்டையும் இரு கைகளாலும் ஒரே நேரம் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாதல்லவா. அதற்காகத்தான். நாங்கள் என்ன செய்வோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். இடது பட்டனை அழுத்திவிட்டு, அதைச் சுற்றியுள்ள வளையத்தில் சின்ன மரத்துண்டைச் செருகிவிடுவோம். பட்டன் அமுங்கியே இருக்கும். பிறகு ஒரு கையால் மிஷின் ஓடும், வேகம் கூடும், இன்னொரு கை புகையிலைப் பொட்டலம் எடுக்கவோ மூக்கைச் சொறியவோ சுதந்திரமாக இருக்கும். நீங்கள் ரவுண்ட்ஸ் வரும்போது துண்டு பாக்கெட்டுக்குப் போய்விடும். நீங்கள் போனதும் பட்டனுக்கு வந்துவிடும். போன நவம்பரில் நீங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். எண்பது பேர் சத்தியம் செய்தோம். காப்பாற்றியது ஒருவர். முனிராஜ் அண்ணன் தன் துண்டை அன்றைக்கே கழிவுத் தொட்டியில் போட்டார். "காந்தா தல மேல அடிச்சு சொல்லிட்டேம்பா" என்றார்.

என் துண்டு என் லாக்கரில் இருந்தது. தேய்த்து வழவழப்பாக்கியது. இரண்டு மிஷினும் ஒரே மாடல்.

பிப்ரவரி பதினொன்று, புதன்கிழமை. கடைசி வியாழனுக்கு முந்தின நாள். காலை பத்து மணி டீ. எல்லோரும் கேன்டீன் ஜன்னல் பக்கம் போனார்கள். அண்ணன் துப்பிவிட்டு வரப் போனார். நான் அவர் மிஷினின் இடது பட்டனை அழுத்தி, துண்டைச் செருகினேன். ஐந்து வினாடி வேலை. பிறகு போய் டீ குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது.

என் திட்டம் இதுதான். பத்தரைக்கு நீங்கள் ரவுண்ட்ஸ் வருவீர்கள். துண்டைப் பார்ப்பீர்கள். துண்டோடு பிடிபட்டவருக்கு மெமோ, மறுநாள் ஷிப்ட் முடிந்தபின் இரண்டு மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு. விதி நீங்கள் போட்டது. அண்ணன் வியாழன் சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். கோயிலுக்கு வர முடியாது. எழுதிப் பார்த்தாலும் கெட்டதாகத் தெரியவில்லை. அன்றைக்கு நீங்கள் பாதுகாப்பு வாசகப் போட்டிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கிற மீட்டிங்கில் இருந்ததால் பதினொன்றே காலுக்குத்தான் வந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அதுவும் முக்கியமான வேலைதான்.

மறைக்காதே என்றீர்கள். அதனால் இதையும் எழுதுகிறேன். அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாத் தகடும் நேராக உட்காராது. ஐம்பதில் ஒன்று கோணலாக உட்காரும். அப்போது வலது உள்ளங்கையை வலது பட்டன் மேல் சும்மா ஊன்றிக்கொண்டு, இடதுகையை அச்சுக்குள் விட்டு விரலால் தகட்டை நேராக்குவார். இரண்டு பட்டனும் அழுத்தினால்தான் இறங்கும் என்பதால் ஒன்றின் மேல் சாய்ந்து நிற்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிற ஆளுக்கு மட்டும்தான் அந்தத் தைரியம் வரும். துண்டு வைத்து ஓட்டுகிற நாங்கள் எவரும் கனவில்கூட அப்படிச் சாய மாட்டோம்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அவர் வந்து ஓட்ட ஆரம்பித்தார். பட்டனைப் பார்த்து அழுத்துகிற காலமெல்லாம் அவருக்கு எப்போதோ போய்விட்டது. உள்ளங்கை தானாகப் போய் அடிக்கும். பத்து முப்பத்தைந்து. நீங்கள் வரவில்லை. பத்து நாற்பது. நான் என் மிஷினை நிறுத்திவிட்டு எண்ணெய் போடுவதுபோல நின்றேன். அவர் வெட்டுகிற தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். முப்பது. நாற்பது. கூப்பிட்டிருக்கலாம். "அண்ணா" என்றால் போதும், திரும்பியிருப்பார். நாற்பத்து மூன்றாவது தகடு கோணலாக உட்கார்ந்தது. அவர் வலதுகையை ஊன்றினார்.

நான்கு விரல். கட்டைவிரல் தப்பியது.

சிவப்பு ஸ்விட்சை அடித்து மிஷினை நிறுத்தியது நான். என் சட்டையைக் கழற்றி அவர் கையில் சுற்றியது நான். முதலுதவிக்காக அந்த வாரமே எனக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள், நன்றி. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். "பூ கட்டணுமே, எரிக்" என்று ஒரு தடவை சொன்னார். வாயில் புகையிலை நெடி. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு பக்கத்தில் அது ரொம்பக் கஷ்டம்.

விசாரணை அரை மணி நேரம் நடந்தது. துண்டு அவர் மிஷினில் இருந்தது. டப்பி அவர் பெட்டியில் இருந்தது. ஒரு கையைச் சும்மா வைத்துக்கொண்டு புகையிலை போடுவதற்காக அவரே செருகினார் என்று எழுதிக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் முதலில், "நான் வெக்கலீங்க சார்" என்றார். நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்றாம் தடவை அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான்தான் வெச்சிருப்பேனோ என்னமோ சார். பழகின கை. மறந்திருப்பேன்" என்று கைநாட்டு வைத்தார். கையெழுத்துப் போடுவது இடதுகையால் என்பதால் கைநாட்டு. நான் பக்கத்தில் நின்று தாளைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதாவது வியாழன் தள்ளிப்போகவில்லை. சாட்சிக்கு ஆள் இல்லையே என்று உங்கள் அறையிலிருந்து நான் ஆண்ட்டிக்குப் போன் செய்தபோது நீங்களே வருகிறேன் என்றீர்கள். கோயில் படிக்கட்டில் நின்று, "மேடம், எரிக் ஈஸ் அவர் மாடல் வொர்க்கர். ஹண்ட்ரட் பர்சன்ட் டொபாக்கோ ஃப்ரீ" என்றீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. தெரியாததைச் சொன்னீர்கள், அவ்வளவுதான். ஆண்ட்டி டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. முனிராஜ் அண்ணனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். "பாத்தியா, இதான் பொகையில. என் வீட்டுக்காரருக்குக் கன்னம், அந்தப் புள்ளைக்கு வெரலு" என்றார். நீங்கள் உடனே பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்து எழுதிக்கொண்டீர்கள். இப்போது கேட் பக்கம் ஒட்டியிருக்கிற போஸ்டர் அங்கே பிறந்ததுதான். கை படத்தோடு நன்றாக வந்திருக்கிறது. அதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை.

திரும்பும்போது லவினாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். நடுவில் ஒரு நாள் நான் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"என்ன ஆகும்? இன்னொரு ஒன்பது வியாழன். நான் எங்க போயிடப் போறேன்? மெழுகுவர்த்தி கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்ளோதான். ஏன் கேக்கற?"

"சும்மா" என்றேன். அவள் வாழ்நாளில் சோம்புகூட மெல்லாதவள். ஒன்பது வியாழன் என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நேற்று அண்ணனைப் பார்க்கப் போனேன். இரண்டாவது ஆபரேஷன் முடிந்திருக்கிறது. கை பெரிய வெள்ளை மூட்டையாக வயிற்றின் மேல் கிடந்தது. காந்தா பூக்கடையை விட்டுவிட்டு வர முடியாததால் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கதவுப் பக்கம் எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"நர்ஸு இல்லல்ல? தலகாணிக்கு அடியில பொட்டலம் இருக்குது குரு. டப்பியும் இருக்குது. ஒத்தக் கையில தேய்க்க வரமாட்டேங்குது, பூரா கீழ கொட்டிப்போவுது. ஒரே ஒரு வாய் தேச்சுக் குடுப்பா. பதினஞ்சு நாளாச்சு. மண்ட வெடிக்குது. கை வலிகூடப் பரவால்ல, இது தாங்கல."

கண் கலங்கியிருந்தது. எனக்குப் புரிந்தது. அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான். பொட்டலத்தையும் டப்பியையும் எடுத்தேன். அவர் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு காத்திருந்தார். நான் இரண்டையும் கொண்டுபோய் வராந்தாத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கோபம் வரத்தான் செய்யும் சார், இந்தக் கட்டத்தில். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் ஐம்பது நாள்தான் சிரமம். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் தாண்டிவிடலாம். நான் தினமும் போகிறேன்.